ஆதாரம் கேட்டவருக்கு ஆதார்: நூலகர்களுக்கான தகவல் எழுத்தறிவுப் பயிற்சி

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் கிளை நூலகராக இருக்கிறேன். எங்கள் மாவட்டக் கிளை நூலகர்கள், ஊர்ப்புற நூலகர்கள் இருபத்தைந்து பேருக்கு ஒரு நாள் 'தகவல் எழுத்தறிவு'ப் பயிற்சி நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கையில் நாற்பது ஸ்லைடுகள் இருக்கின்றன, எல்லாம் வரையறைகள். இதை எப்படி நடத்துவது? இதனால் உண்மையில் பயன் உண்டா?

பதில்:

பயன் உண்டு. ஆனால் அந்த நாற்பதில் முப்பத்தெட்டை முதலில் எடுத்துவிடுங்கள். மீதி இரண்டு எவை என்று போகப் போகச் சொல்கிறேன். இதே மாவட்டத்தில் நூலக மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன், ஓய்வுக்குப் பிறகு இப்படிச் சில பயிற்சிகளை நடத்தியும் பார்த்தவன். வரையறையைக் கேட்டுவிட்டுப் போன எவரும் மறுநாள் மேசையில் வேறு விதமாக நடந்துகொண்டதை நான் கண்டதில்லை. என் முதல் பயிற்சியில் நானே அறுபது ஸ்லைடு போட்டவன்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் மரியாதைக்காக விழித்திருந்தார்கள்.

என் மனத்தை மாற்றியது ஒரு பெரியவர். விளவங்கோடு பக்கத்தில் ஒரு கிளை நூலகம். எழுபத்தைந்து வயதிருக்கும். குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்து, மேசையில் இருந்த என் சக ஊழியரிடம், "மக்களே, ஒரு பழைய ஆதாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்" என்றார். அந்தப் பெண் வட மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல சுறுசுறுப்பு. உடனே கணினியைத் திறந்து, தொலைந்த ஆதார் எண்ணை எப்படி மீட்பது, பழைய அட்டையில் முகவரியை எப்படி மாற்றுவது என்று பொறுமையாகச் சொல்லத் தொடங்கினார். ஓடிபி எந்தக் கைப்பேசிக்கு வரும் என்று கேட்டார். பெரியவர் கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, "அது இல்லை மக்களே, புரையிடத்து ஆதாரம்" என்றார்.

நம் மேற்கு வட்டாரங்களில் ஆதாரம் என்றால் சொத்துப் பத்திரம். புரையிடம் என்றால் வீடு நிற்கும் மனை. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் நான்கு வட்டங்களும் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவை. அதனால் அதற்கு முந்தைய பத்திரங்களில் நிறைய மலையாளத்தில் இருக்கும். ஆண்டும் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டாக இருக்கும். பெரியவரின் மடியிலிருந்த காகிதத்தில் 1098 மேடம் என்று இருந்தது. அது எந்த இங்கிலீஷ் வருடம் என்பதுதான் அவருடைய கேள்வி. சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பதிவைத் தேடச் சொல்ல வேண்டும், அங்கே ஆண்டைக் கேட்கிறார்கள் என்றார்.

மேடம் என்பது நம் சித்திரை. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரை உள்ள தேதிக்கு 824ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்ததிலிருந்து ஆடி முடியும் வரை 825. அப்படியென்றால் 1098 மேடம், 1923 ஏப்ரல் - மே. கூட்டல் சரிதானா என்று பார்க்க ஒரு வழியும் இருக்கிறது. பழையவர்கள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்களே, அது கொல்லம் 1099 ஆடியில், அதாவது 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம். கணக்கைப் போட்டுக் கொடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கேள்வியைக் கண்டுபிடிக்கத்தான் கால் மணி நேரம்.

உங்கள் பயிற்சியின் முதல் பாடம் இது. வாசகர் கேட்கும் சொல்லும் அவருக்கு வேண்டிய பொருளும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தேடுபொறியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், திருப்பிக் கேட்கப் பழக வேண்டும். நூலகவியலில் இதற்கு ஒரு பெயர் வைத்துப் பாடம் நடத்துவார்கள். சான்றிதழ்ப் படிப்பில் நாமும் அதைப் படித்து எழுதித் தேறியவர்கள்தான். மேசையில் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறோம், ஏனென்றால் எதிரே நிற்பவர் தன் கேள்வியைத் தெளிவாகத்தான் கேட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று கேட்கக் கூடாது, அது போலீஸ் விசாரணை போல இருக்கும். நான் சொல்லிக்கொடுப்பது வேறொரு கேள்வி: "இது கிடைத்தால் அடுத்து எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள்?" சார்பதிவாளர் அலுவலகம், வங்கி, வக்கீல், பள்ளிக்கூடம், டாக்டர் என்று ஒரு பதில் வரும். அந்தப் பதிலோடு பாதித் தேடல் முடிந்துவிடும்.

இதைச் சொற்பொழிவாகச் சொல்லாதீர்கள். இருபத்தைந்து பேரும் கடந்த ஒரு மாதத்தில் தங்கள் மேசைக்கு வந்த மூன்று கேள்விகளை, கேட்ட சொற்களிலேயே எழுதிக்கொண்டு வரட்டும். காலை அமர்வு முழுவதும் அந்த எழுபத்தைந்து கேள்விகள்தான். ஒருவர் வாசகராக உட்காரட்டும், இன்னொருவர் நூலகராக. தோவாளைக்காரரையும் விளவங்கோட்டுக்காரரையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஒரே மாவட்டத்துக்குள் சொல் எப்படி மாறுகிறது என்று அப்போதுதான் தெரியும். சிரிப்பும் வரும். சிரித்த பாடம் நினைவில் நிற்கும்.

இப்போது முதல் ஸ்லைடு, மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தகவல் எழுத்தறிவு என்ற சொல்லாட்சியை 1974இல் முன்வைத்தவர் அமெரிக்கத் தகவல் தொழில் சங்கத்தின் தலைவராக இருந்த பால் சுர்கோவ்ஸ்கி. நூலகர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டது பிறகு. 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு ஒன்று சொன்ன விளக்கம் இன்றும் புழங்குகிறது: தகவல் எப்போது தேவை என்று உணர்வது, அதைத் தேடி எடுப்பது, எடைபோடுவது, பயன்படுத்துவது. 2005இல் அலெக்சாந்திரியாவில் வெளியிட்ட பிரகடனம் இதை வாழ்நாள் முழுவதும் கற்பதற்கான அடித்தளம் என்றது. அவ்வளவு போதும். தமிழில் தகவல் அறிதிறன் என்றும் சொல்கிறார்கள். எந்தப் பெயர் சரி என்று அங்கே விவாதம் கிளப்பி விடாதீர்கள், மதியம் ஆகிவிடும்.

இரண்டாவது ஸ்லைடுக்கு முன்னால் ஒரு காகிதத்தைக் கையில் கொடுங்கள். கடற்கரை ஊர்களில் வேலை பார்த்த எவரும் இதைப் பார்த்திருப்பார்கள்: கப்பல் வேலைக்கான நியமனக் கடிதம். மேலே நங்கூரம் போட்ட சின்னம், கீழே ஊதா முத்திரை, நடுவில் டாலரில் சம்பளம். "இரண்டு லட்சம் கட்டினால் அடுத்த மாதம் ஏறலாம்." பையன் அதைக் கைப்பேசியில் காட்டி, "சார், இது உண்மையா?" என்று கேட்பான். இல்லை, அப்படிக் கேட்கமாட்டான். "சார், இந்தப் படிவத்தை நிரப்பித் தர முடியுமா?" என்றுதான் கேட்பான். அம்மாவின் வளையல் ஏற்கெனவே அடகுக்குப் போயிருக்கும்.

பயிற்சிக்கு வருபவர்களிடம் இந்தக் கடிதம் நம்பத் தகுந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் கடிதத்தையே உற்றுப் பார்ப்பார்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா, முத்திரை தெளிவாக இருக்கிறதா, இணையதளம் அழகாக இருக்கிறதா, 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். ஏமாற்றுகிறவன் தன்னைப் பற்றித் தானே எழுதிய பக்கத்தில் நல்லபடியாகத்தானே எழுதியிருப்பான்?

இங்கே போடுங்கள் இரண்டாவது ஸ்லைடை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு. பத்து வரலாற்று அறிஞர்கள், பத்துத் தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், இருபத்தைந்து ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். மூன்று கூட்டத்தாரையும் இணையத்தில் சில தளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். அவற்றுள் குழந்தை மருத்துவம் சார்ந்த இரண்டு அமைப்புகளின் தளங்களும் இருந்தன. ஒன்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பழைய, பெரிய அமைப்பு; மற்றொன்று அதிலிருந்து பிரிந்த ஒரு சிறு குழு, பெயரும் தோற்றமும் கிட்டத்தட்ட அதே மாதிரி. முனைவர் பட்டம் வாங்கிய வரலாற்று அறிஞர்களே பலர் தடுமாறினார்கள். மாணவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைத் திறந்த சற்று நேரத்திலேயே அதை விட்டு வெளியேறி, வேறு தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். பெண் கொடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டில் விசாரிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதே இல்லை. கணினி முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் பழக்கம் எங்கேயோ போய்விடுகிறது.

கப்பல் கடிதத்துக்குப் பக்கத்து வீடு எது? மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். மாலுமிகளை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அந்த இயக்குநரகத்திடம் ஆர்பிஎஸ்எல் என்ற உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவற்றின் பட்டியல் அதன் தளத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியம், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. ஆக, "இரண்டு லட்சம்" என்ற சொல் வந்த இடத்திலேயே விசாரணை முடிந்தது. முத்திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை. வளைகுடாவில் தரைவேலைக்குப் போகிறவர் என்றால் இடம் வேறு. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவுபெற்ற முகவரா என்று பார்க்க வேண்டும். அங்கே கட்டணம் வாங்கலாம், ஆனால் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. இந்த இரண்டு விவரங்களையும் ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டி வைத்தால்கூடப் பயிற்சிக்கான செலவு கைக்கு வந்துவிட்டது என்பேன்.

அட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு நூலகரும் அன்று மாலைக்குள் தன் ஊருக்கான ஒரு பக்கத்தைத் தயாரித்துவிட வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்த அலுவலகம், அதன் அதிகாரப்பூர்வத் தளம் எது என்பதற்கான பக்கம் அது. பட்டாவுக்குத் தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளம், வில்லங்கத்துக்குப் பதிவுத்துறைத் தளம், தேர்வு அறிவிக்கைக்குத் தேர்வாணையத்தின் சொந்தத் தளம், இணைய மோசடிக்கு 1930, உடல்நல ஆலோசனைக்கு 104. அரசுத் தளம் 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். முகவரியின் நடுவில் எங்கேயாவது 'கவ்' என்று வந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். கடைசிப் பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கடல். இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், ஏனென்றால் பெரும்பாலான பயிற்சிகள் தவறான பாடத்தைக் கற்பிக்கும் இடம் இது. "வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்" என்று சொல்லிச் சொல்லி, எதையும் நம்பாத ஆட்களை உருவாக்கிவிடுகிறோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், சரியான நேரத்தில் சரியான ஆளுக்குச் சேராத எச்சரிக்கை என்றால் என்னவென்று. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்துப் படகுகள் பல அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. அன்றைய படங்கள் இன்றும் மழைக்காலம் தோறும் புதிய தேதியோடு சுற்றுகின்றன. பொய்ப் படத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பது எளிது. படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் பழைய செய்தி வந்து நிற்கும். மெய் எச்சரிக்கையை அடையாளம் காணக் கற்றுக்கொடுப்பதுதான் கடினம்.

கள்ளக்கடலை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயற்காற்று கிளப்பும் நீண்ட அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் அடிக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறும். கள்ளனைப் போல வருவதால் அந்தப் பெயர். மீனவர்கள் வைத்த இந்தப் பெயரையே ஆய்வுலகமும் எடுத்துக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. தெளிந்த வானத்தின் கீழ் நிற்கும் ஒருவருக்கு "கடலுக்குப் போகாதே" என்ற செய்தி பொய்ச் செய்தி போலத்தான் தெரியும்.

அதனால் எச்சரிக்கை ஒன்று கையில் வந்தால் மூன்றைத் தேடச் சொல்லுங்கள்: வெளியிட்டவர் யார், எந்தத் தேதி எந்த நேரம் முதல் எதுவரை, எந்தக் கரை. இன்காய்ஸ் அறிக்கையில் 'குளச்சல் முதல் கீழக்கரை வரை' என்பது போலக் கரையின் எல்லை இருக்கும், நேரம் இருக்கும், அலையின் உயரம் மீட்டரில் இருக்கும். 'உடனே பகிரவும்' இருக்காது. பயிற்சியில் ஒரு மெய்யான அறிக்கையையும் ஒரு வதந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கொடுங்கள். மெய்யானதை மெய் என்று சொன்னவர்களுக்கும் மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் இரண்டையும் பொய் என்பார்கள்.

தமிழில் தேடுவது பற்றி ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். இதற்கான பாடப் பொருள் ஆங்கிலத்திலிருந்து வரும் ஸ்லைடுகளில் இருக்கவே இருக்காது. நம் மொழியில் சொல் வேற்றுமை உருபைச் சுமந்துகொண்டு நிற்கும், ஒற்று மிகும், இரண்டு சொல் ஒட்டிக்கொள்ளும். 'பட்டா மாறுதல்' என்று தேடினால் வருவதும் 'பட்டாமாற்றம்' என்று தேடினால் வருவதும் ஒன்றல்ல. நாகர்கோவில் என்று எழுதுகிறவர்கள் பாதி, நாகர்கோயில் என்று எழுதுகிறவர்கள் மீதி. தக்கலையையும் குளச்சலையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அரசுத் தளங்களிலேயே ஒருமைப்பாடு இல்லை. ஆகவே உருபை நீக்கி வேர்ச்சொல்லாகத் தேடுவது, ஒற்றோடும் ஒற்றில்லாமலும் தேடுவது, ஊர்ப்பெயரை இரு மொழியிலும் போட்டுப் பார்ப்பது, தொடரை மேற்கோள் குறிக்குள் அடைப்பது ஆகிய நான்கையும் செய்து பார்க்கட்டும். பழைய நூல் கேட்டு வருகிறவர்களுக்காகத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் மதுரைத் திட்டத்தையும் திறந்து காட்டுங்கள். நம் நூலகர்களில் சிலருக்கே இவை தெரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

சர்ச்சைக்குரிய கேள்விகள் வரும். அங்கே நூலகர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நம் மாவட்டத்தில் இதற்கு மிக நல்ல, மிகக் கடினமான எடுத்துக்காட்டு மணல். மணவாளக்குறிச்சியில் கனிம மணல் ஆலை பல காலமாக இருக்கிறது. கிள்ளியூர் பக்கத்தில் புதிதாக எடுக்கும் திட்டத்துக்கு மீனவ ஊர்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. "இந்த மணலால் புற்றுநோய் வருமா?" என்று ஒரு கல்லூரி மாணவி வந்து கேட்கிறார். உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது. அதை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, கேள்வியைப் பிரித்துக் கொடுங்கள். மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் கலந்த கரையில் இயல்பாகவே இருக்கும் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடுகிறதா என்பது ஒரு கேள்வி. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வு, அப்படிக் கூடியதற்குச் சான்று காணவில்லை. மணலைத் தோண்டி எடுத்தால் கரையும் நிலத்தடி நீரும் மீன்பிடிப்பும் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கான ஆய்வைக் காட்டி இரண்டாவதற்கு வாயடைப்பதும், இரண்டாவதன் அச்சத்தை முதலாவதற்கான சான்றாகக் காட்டுவதும் இரண்டு பக்கத்திலும் நடக்கிறது. அரசு அறிக்கை, ஆய்வுக் கட்டுரை, மக்கள் கொடுத்த மனு ஆகிய மூன்றையும் எடுத்துக் கொடுத்து, எது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று மட்டும் காட்டினால் நம் வேலை முடிந்தது. கிடைக்காத ஆவணத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள். மனு எழுதும் முறையையும் நூலகர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். சாட்ஜிபிடி சொன்னது என்று இல்லாத புத்தகத்தின் பெயரை எழுதிக்கொண்டு மாணவர்கள் வருகிறார்கள். ஆசிரியர் பெயரும் பதிப்பக ஆண்டும் சகிதமாக. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர் இதைப் போலவே அது உருவாக்கிய, நடக்கவே நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். இதற்குப் பத்து நிமிடப் பயிற்சி ஒன்று போதும். ஒவ்வொருவரும் தன் ஊரின் வரலாற்றை அதனிடம் கேட்கட்டும். வரும் பதிலை 1995இல் வெளிவந்த கன்னியாகுமரி மாவட்ட விவரச்சுவடியோடு ஒப்பிடட்டும். சொந்த ஊர் என்பதால் பிழை உடனே கண்ணில் குத்தும். தெரியாத ஊரைப் பற்றியும் அது அதே உறுதியோடுதான் பேசும் என்பதைப் பிறகு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எல்லைகளையும் சொல்லிவிடுங்கள். வாசகரின் வங்கிக் கடவுச்சொல்லை நாம் தட்டச்சு செய்யக் கூடாது. ஓடிபியைக் கேட்கவே கூடாது. பொதுக் கணினியில் திறந்த கணக்கை மூடிவிட்டுத்தான் அடுத்தவரை உட்கார வைக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கிறவருக்கு, அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று தேடித் தரலாம். நிறுத்தலாமா கூடாதா என்பது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை டாக்டரின் வேலை.

ஒரு மனக்குறையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பணியிலிருந்தபோது ஒரு பயிற்சிக்கு எங்களை வெள்ளிக்கிழமை வரச்சொன்னார்கள். கிளை நூலகங்களுக்கு வாரவிடுமுறையே அன்றுதான். இணையம் பற்றிய அந்தப் பயிற்சியில் இணைய இணைப்பு இல்லை. அச்சடித்த திரைப்படிமங்களைக் கையில் கொடுத்து, "இதை அழுத்தினால் இது வரும்" என்று விளக்கினார்கள். ஊர்ப்புற நூலகர் ஒற்றை ஆள். அவர் கதவைப் பூட்டிவிட்டு வந்தால் அன்று அந்த ஊருக்கு நாளிதழ்கூட இல்லை. எனவே முடிந்தவரை வேலை நாளில் நடத்த அனுமதி கேளுங்கள், மாற்று ஏற்பாட்டுக்கும் சேர்த்து. கணினி போதாவிட்டால் கவலை வேண்டாம், எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. வாசகரும் அதைத்தான் நீட்டப் போகிறார். டேட்டா செலவை அவரவர் பையிலிருந்து கொடுக்க வைக்காதீர்கள்.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். பயிற்சி முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுத்தால் எல்லாரும் 'மிக நன்று' என்று டிக் அடிப்பார்கள், அதை வைத்து ஒன்றும் தெரியாது. பதிலாக ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுங்கள். வந்த கேள்வி, திருப்பிக் கேட்ட பிறகு தெரிந்த உண்மைக் கேள்வி, எங்கே தேடினேன், வாசகர் அடுத்து எங்கே போனார் என்று நான்கு பத்தி. பெயர், முகவரி எழுத வேண்டாம். மூன்று மாதம் கழித்து நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். முதல் பத்திக்கும் இரண்டாம் பத்திக்கும் வித்தியாசம் இருந்தால் பயிற்சி வேலை செய்கிறது.

மேலதிகாரி இதெல்லாம் நம் வேலையா என்று கேட்கக் கூடும். 1948ஆம் ஆண்டின் நம் நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவது. அதன்படி சொத்து வரியோடு சேர்த்து மக்களிடமிருந்து நூலக வரி வசூலிக்கிறோம். குடையைச் சாய்த்துவிட்டு வந்த பெரியவரும் அதைக் கட்டியிருக்கிறார். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது 1931இல் ரங்கநாதன் எழுதிவைத்த நான்காம் விதி. தவறான அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போய்த் திரும்பிய நேரமும் அதில் சேரும் என்றுதான் நான் படித்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை. மலையாளம் வாசிக்கத் தெரிந்த நூலகர்கள் உங்கள் இருபத்தைந்து பேரில் எத்தனை பேர் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். நான் இருந்த காலத்திலேயே குறைந்துகொண்டு வந்தார்கள். யாருமே இல்லையென்றால் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவரை மதிய அமர்வுக்கு அழையுங்கள். பழைய ஆதாரம் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் சர்வே எண் எங்கே, நான்கு எல்லை எங்கே, ஆண்டு எங்கே என்று அவர் விரல் வைத்துக் காட்டட்டும். ஒரு மணி நேரம் போதும். சாயாவும் பழம்பொரியும் வாங்கி வைத்திருங்கள். இந்த ஆட்கள் பேசத் தொடங்கினால் இரண்டு மணி நேரம் ஆகும்.